ஏணிக்குப் பிறந்தநாள்

தூரிட் எங்கள் வாசலில் நின்றபடி வரவேற்பறையை எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணி. கையில் தடித்த கையுறை, காலில் றப்பர் சப்பாத்து, தலையில் அவளே பின்னிய கம்பளித் தொப்பி. மழைத்தண்ணீர் ஓடும் கூரைப் பீலியில் அடைத்திருக்கும் இலைகளை அள்ளுவதற்கு முழு ஆயத்தமாக வந்திருந்தாள். வேண்டியது அவளுடைய ஏணி மட்டும்தான்.

அந்த ஏணி எங்கள் சாமித் தட்டுக்கு முன்னால் படுத்திருந்தது. நாலு மீற்றர் நீள அலுமினிய ஏணி. தலை சரஸ்வதி படத்தடியில், கால் குளியலறைக் கதவடியில். படிக்குப் படி சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். முதற்படியில் செவ்வந்தி மாலை வேறு.

அதன் பக்கத்தில் மண்வெட்டி, இலை வாரி, பனி தள்ளும் சவள், வாள், துளை போடும் மெசின், ஒரு பெட்டி நிறையத் திருகாணிகள். சுவரோரமாகக் காரின் பனிக்கால ரயர்கள் நாலும், கலியாண வீட்டில் முன்வரிசை பிடித்த மாமிமார் மாதிரிப் பொட்டோடு அமர்ந்திருந்தன.

தூரிட் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"சாந்தி, ஏணிக்கு இன்றைக்குப் பிறந்தநாளா?"

கேலியில்லை. உண்மையாகவே கேட்டாள். வேறொரு நாள் என்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வாக்மெஸ்தர் இல்லாத வீடு

ரொம்சோஸ் அடுக்குமாடியை விட்டு ஹவுகெட்டோவுக்கு வந்த கதையைப் போன கிழமை எழுதியிருந்தேன். சொந்த வீடு கிடைத்த பெருமையில் நான் எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. அடுக்குமாடியில் ஒரு வாக்மெஸ்தர் இருந்தார். கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர். குழாய் ஒழுகினாலும் அவர்தான், கூரை ஒழுகினாலும் அவர்தான். நாங்கள் தொலைபேசியை எடுத்து, இருக்கிற நோர்வேஜிய மொழியையெல்லாம் கூட்டி அள்ளி, "தண்ணீர், மேலே, கீழே" என்று சொன்னால் போதும். ஆள் வந்துவிடுவார்.

இலையுதிர் காலம் என்றால் அங்கே எங்களுக்கு ஒரேயொரு வேலைதான். குடியிருப்பவர்கள் எல்லோரும் ஒரு நாள் சேர்ந்து முற்றம் துப்பரவு செய்வார்கள். அதற்கு டுக்னாட் என்று பெயர். நாங்கள் வடை சுட்டுக்கொண்டு போவோம். வடையைக் கண்டதும் எங்கள் கையிலிருந்த இலை வாரியை யாராவது வாங்கிக்கொள்வார்கள். இப்படியே பன்னிரண்டு வருடம் ஓடியது. பனிக்காலம் என்பது தானாக வந்து தானாகப் போகிற ஒன்று என்றுதான் நினைத்திருந்தோம்.

சொந்த வீட்டில் பனிக்காலம் அப்படி வருவதில்லை. கலியாணப் பகுதியார் மாதிரி வருகிறது. எல்லாவற்றையும் ஆயத்தம் செய்து வைத்திருக்க வேண்டும். வெளித் தண்ணீர்க் குழாயை உள்ளே பூட்டி, மிச்சத் தண்ணீரை வடியவிட வேண்டும். இல்லாவிட்டால் குழாய் உறைந்து வெடிக்கும். யன்னல் இடுக்குகளுக்கு றப்பர் பட்டி ஒட்ட வேண்டும். விறகு அடுக்க வேண்டும். புல்லில் கிடக்கும் இலையை வார வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, பீலி துப்பரவு செய்ய வேண்டும்.

இந்தப் பட்டியலை எங்களுக்குச் சொன்னது தூரிட்தான். பெரிய போதனையெல்லாம் இல்லை. ஒரு கடதாசியில் எழுதி எங்கள் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போயிருந்தாள். அடியில் ஒரு சிரிக்கும் முகம் கீறியிருந்தாள்.

நடுச்சுவரும் ஒரு பழுப்புக் கோடும்

தூரிட் என் வயதுக்காரி. ட்ராம் ஓட்டுகிறாள். எங்களுடையது ஒரு கூரைக்குக் கீழே ஒட்டிப் பிறந்த இரண்டு வீடுகளில் ஒன்று. மற்றது அவளுடையது. நடுச்சுவர் ஒன்று, கூரை ஒன்று, கூரையின் பீலியும் ஒன்று. பீலித் தண்ணீர் இறங்குகிற குழாய் வாய் சரியாக இரண்டு வீட்டுக்கும் நடுவில். அதற்கு நேர் கீழே அவளுடைய நிலவறை யன்னல்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய பேர்ச் மரம். அதன் இலைகள் எங்கள் பீலியில் விழும். மழை அவற்றை நடுவுக்கு இழுத்துவரும். வாய் அடைபடும். தண்ணீர் பொங்கி வழிந்து அவளுடைய நிலவறைக்குள் போகும். அதாவது, இலை எங்களுடையது, வெள்ளம் அவளுடையது.

குடிவந்த முதல் வாரமே என்னைக் கூட்டிக்கொண்டுபோய் நிலவறையைக் காட்டினாள். சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. இரண்டு வருடத்துக்கு முன்னர் தண்ணீர் நின்ற அடையாளம். அவள் புகைப்படங்கள் வைத்திருந்த பெட்டிகளில் பாதி அதில் போய்விட்டன.

"உங்களுக்கு முன்னர் இருந்தவர்களிடம் ஒவ்வொரு நாளும் கேட்டேன்," என்றாள். "நாளைக்கு என்றார்கள். அடுத்த நாள் கேட்டேன். நாளைக்கு என்றார்கள்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் சொல்லும்போது என்னுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். புதிதாக வந்தவர்கள் எப்படிப்பட்டவர்களோ என்ற பயம் அவளுக்கு. எனக்கு ரோசம் வந்துவிட்டது. "எங்களிடம் அப்படி நடக்காது. இலை விழுந்ததும் ஒரு சனிக்கிழமை நானே வந்து உன்னோடு செய்கிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு அவளே நாளும் குறித்துத் தந்தாள். அன்றைக்குச் சரஸ்வதி பூசை என்பது எனக்குத் தெரியும். பூசை பின்னேரம்தானே, காலமை பீலியை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

என் கணவரை நான் கணக்கில் எடுக்கவில்லை.

இவருடைய ஆயுதங்கள்

இவர் என்று நான் எழுதுவது என் கணவர் யோகனைத்தான். பெயரை எழுதினால் "யாரப்பா அது?" என்று இவரே கேட்பார்.

இவருக்கு ஊரிலிருந்து வந்த நாள் முதல் ஒரு மனக்குறை. ஆயுத பூசைக்கு வைக்க ஆயுதம் இல்லை. அடுக்குமாடியில் எங்களிடம் இருந்தது திருகாணி முடுக்குகிற ஒரு திருப்புளி. அதற்கும் கைபிடி உடைந்திருந்தது. பன்னிரண்டு வருடம் அந்தத் திருப்புளிக்கே சந்தனம் வைத்து, துளசியின் பள்ளிப் புத்தகங்களை அடுக்கி, பூசையை ஒப்பேற்றினோம். துளசி எங்கள் மகள். பூசையில் வைத்த புத்தகத்தைத் தொடக்கூடாது, ஆகையால் வீட்டுப்பாடமும் செய்யக்கூடாது என்பதால், அவளுக்குச் சாமிகளில் சரஸ்வதியைத்தான் மிகவும் பிடிக்கும்.

வீடு வாங்கிய பிறகு இவர் ஒவ்வொன்றாகச் சேர்க்கத் தொடங்கினார். வாள் வந்தது, சவள் வந்தது, மண்வெட்டி வந்தது. முதல் பூசைக்காக இவர் காத்திருந்த அழகைப் பார்த்தால், தலைப்பிள்ளைக்குக் காத்திருந்தபோதுகூட இவ்வளவு இல்லை.

வெள்ளிக்கிழமை எனக்கு முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை. அந்த நேரம் பார்த்து தூரிட் ஏணியைக் கொண்டுவந்து எங்கள் சுவரில் சாத்திவிட்டுப் போயிருக்கிறாள், அடுத்த நாள் காலை வேலைக்காக. இவர் கண்ணில் அது பட்டிருக்கிறது. கழுவித் துடைத்து, உள்ளே கொண்டுவந்து, மற்ற எல்லாவற்றோடும் சேர்த்துப் பூசையில் வைத்துவிட்டார். நான் வந்து அலுப்பில் நேரே படுத்துவிட்டேன். காலையில் எழும்பிக் குளியலறைக்குப் போனால், கதவடியில் ஏணி.

"என்னப்பா இது?"

"ஏன், வடிவா இல்லையோ?"

"இது எங்கடை ஏணி இல்லை, தூரிட்டின்ரை ஏணி!"

"ஆரின்ரை ஏணி எண்டாலும் ஏணி ஏணிதானே. எங்கடை வீட்டிலை நிக்குது, விட்டுப்போட்டு மற்றதுகளை மட்டும் வைக்க மனம் வரேல்லை."

"பத்து மணிக்குப் பீலி துப்பரவாக்க வேணும். அவ வரப்போறா."

இவர் முகம் கொஞ்சம் மாறியது. "நாளைக்கு எண்டெல்லோ நினைச்சனான். நாளைக்கு விஜயதசமி. ஏணியை எடுத்து நல்ல நாளிலை முதல் வேலை தொடங்கலாம் எண்டு..."

"ஏணியை மட்டும் எடுத்தால் என்ன?"

"இஞ்சாரும், வைச்சதை எடுக்கிறதோ? நீர் எடுப்பீரோ? எடும் பாப்பம்."

நான் கையை நீட்டினேன். சந்தனப் பொட்டைக் கண்டதும் கை தானாகத் திரும்பிவிட்டது. வாயால் நான் பெரிய வீராங்கனை. சாமி காரியம் என்றால் இவரைவிடப் பயந்தவள்.

நாளைக்கு

ஆக, தூரிட் வாசலில் நின்று ஏணிக்குப் பிறந்தநாளா என்று கேட்டபோது நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர்தான் பக்குவமாகச் சொன்னார். வருடத்தில் ஒரு நாள் கருவிகளுக்கு நன்றி சொல்கிற நாள் இது, அன்றைக்கு அவற்றுக்கு ஓய்வு, நாளைக்குக் காலையில் எடுத்துவிடலாம்.

தூரிட் கவனமாகக் கேட்டாள். ஏணியை ஒருமுறை பார்த்தாள். அது இவ்வளவு துப்பரவாக இருந்து அவளும் கண்டிருக்க மாட்டாள்.

"அழகாக இருக்கிறது," என்றாள். பிறகு மெதுவாக, "அப்போ, நாளைக்கு."

அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றினாள். சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு இல்லை. நிலவறையில் பழுப்புக் கோட்டைக் காட்டியபோது இருந்த முகம் அது. கதவைச் சாத்திவிட்டு நான் அந்த இடத்திலேயே நின்றேன். வெட்கமாக இருந்தது. வந்து மூன்று மாதத்துக்குள் நாங்களும் நாளைக்குக்காரர் ஆகிவிட்டோம்.

"வானிலையிலை ஞாயிறு பின்னேரம்தான் மழை எண்டு சொன்னவங்கள்," என்றார் இவர், என் முகத்தைப் பார்க்காமல்.

மழை சனிக்கிழமை மத்தியானமே வந்தது.

குசினியில் நின்றபடி

நான் குசினியில் பொங்கலுக்குப் பயறு வறுத்துக்கொண்டு நின்றேன். ஒரு அடுப்பில் கடலை அவிகிறது. வெளியே பேர்ச் மரம் தன்னுடைய மஞ்சளையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தது. முதலில் தூறல். பிறகு வாளியால் ஊற்றுவது போல.

அப்போதுதான் நடுச்சுவருக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சர்... சர்... என்று இழுபடும் சத்தம். நின்றது. மறுபடியும் சர்...

தூரிட் நிலவறையில் தன் பெட்டிகளை இழுத்து உயரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. தனியாக, ஒவ்வொரு பெட்டியாக.

அந்தச் சத்தத்தை என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. யன்னலால் எட்டிப் பார்த்தேன். நடுவில் பீலி நிரம்பித் துளித்துளியாக வழியத் தொடங்கியிருந்தது. அடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பியபோது என் கையில் இருந்ததைப் பார்த்தேன்.

சிரட்டை அகப்பை. தேங்காய்ச் சிரட்டையில் மூங்கில் காம்பு போட்டது. நான் நோர்வேக்கு வரும்போது சூட்கேசில் வைத்துக்கொண்டுவந்தது.

வரவேற்பறைக்குப் போனேன்.

"இஞ்சாருங்கோ, ஒண்டு கேக்கிறன். இது ஆயுதமோ?"

இவர் பார்த்தார். "அது அகப்பையப்பா."

"அப்ப இதுக்குப் பூசை இல்லை?"

"அகப்பைக்கு ஆர் பூசை வைக்கிறது? பிறகு எதாலை பொங்குறது?"

"பன்ரெண்டு வரியமா உங்கடை திருப்புளிக்கு லீவு, இப்ப வாளுக்கும் லீவு. இதுக்கு ஒரு நாள் லீவு இல்லை. சரி. இண்டைக்கு அது நல்லதாப் போச்சு. வாங்கோ மேலை, என்ரை காலைப் பிடியுங்கோ!"

"என்னத்துக்கு இப்ப காலிலை விழச் சொல்லுறீர்?"

"விழ வேண்டாம், நான் விழாமல் பிடியுங்கோ!"

இரண்டு யன்னல்கள்

எங்கள் படுக்கையறை யன்னல் மேல்மாடியில், நடுச்சுவரை ஒட்டி இருக்கிறது. தூரிட்டின் யன்னலும் அப்படியே சுவருக்கு மறுபக்கம். பீலி யன்னலுக்கு ஒரு முழம் மேலே. வீடு கூட்டுகிற தும்புத்தடியின் தும்பைக் கழற்றிவிட்டு, அந்தத் தடியில் அகப்பையை இறுக்கக் கட்டினேன். தும்புத்தடிக்கும் அன்றைக்குப் பூசை இல்லை. அதற்கு என்றைக்கும் இல்லை.

யன்னல் விளிம்பில் ஏறி, முகம் உள்ளே பார்க்க இருந்தேன். இவர் என் இரண்டு காலையும் கட்டிப்பிடித்துக்கொண்டு, வாய்க்குள் சரஸ்வதியில் தொடங்கி, போகப்போகப் பிள்ளையாரையும் முருகனையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் உடம்பை வெளியே சாய்த்துத் தடியை மேலே நீட்டினேன். மழை முகத்தில் அறைந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பீலி அரைவட்டம். சிரட்டையும் அரைவட்டம். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. அந்த வேலைக்கென்று கடையில் விற்கிற பிளாஸ்ரிக் கரண்டிகளைப் பிறகு பார்த்திருக்கிறேன். ஒன்றும் கிட்ட நிற்காது. ஒரு இழுவைக்கு ஒரு அகப்பை இலை. கறுத்து, குழைந்து, தேயிலைச் சக்கை மாதிரி. முதல் அகப்பை நேரே என் தலையில் விழுந்தது.

என் கத்தல் கேட்டு அடுத்த யன்னல் திறந்தது. தூரிட் தலையை நீட்டினாள். தலையிலிருந்து கன்னத்துக்கு இலைக்குழம்பு வழிய, வெளியே பாதி உள்ளே பாதியாகத் தொங்கிக்கொண்டிருக்கும் என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த அகப்பையைப் பார்த்தாள்.

"அதற்குப் பிறந்தநாள் இல்லையா?"

"இல்லை," என்றேன். "இதை விழாவுக்கு யாரும் கூப்பிடவில்லை."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், அது எனக்குத் தெரிந்த பழைய சிரிப்பு. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு ஓடினாள். திரும்பி வரும்போது கையில் அலுமினியச் சூப் அகப்பை, பனிச்சறுக்குத் தடி ஒன்றின் நுனியில் ஒட்டுநாடாவால் சுற்றியிருந்தது. அவளும் யன்னலில் ஏறினாள். இடுப்பில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனை கட்டிலில்.

அவள் அந்தப் பக்கத்தால் இழுத்தாள், நான் இந்தப் பக்கத்தால் இழுத்தேன். கீழே நாயோடு போன ஒரு மனிதர் நின்று பார்த்தார். இரண்டு பெண்கள் மேல்மாடி யன்னல்களில் தொங்கிக்கொண்டு, கொட்டுகிற மழையில், வானத்துக்கு ஏதோ பரிமாறிக்கொண்டிருக்கிறார்கள். கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

இலையெல்லாம் வந்தும் தண்ணீர் இறங்கவில்லை. வாய்க்குள் ஏதோ இறுகியிருந்தது. தூரிட்டின் அகப்பை அதில் முட்டி வளைந்தே போனது. நான் சிரட்டையை அடியில் கொடுத்து நெம்பினேன். பொளக் என்று ஒரு பந்து வெளியே துள்ளியது. ஒரு காலத்தில் பச்சையாக இருந்த ரெனிஸ் பந்து. தூரிட் அதை எட்டிப் பிடித்தாள்.

குழாய் கொப்பளிக்கிற சத்தத்தோடு தண்ணீரை விழுங்கத் தொடங்கியது. வழிவது நின்றது. நான் கத்தினேன், சத்தம் கேட்டு ஓடிவந்திருந்த துளசி கத்தினாள், இவர் என் காலை விட்டுவிட்டுக் கைதட்டப் பார்த்தார். நல்ல காலம், விடவில்லை.

தூரிட் மட்டும் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் பல் பதிந்த அடையாளங்கள் இருந்தன.

"இது பம்சேயின் பந்து," என்றாள்.

பம்சே அவளுடைய நாய். நாங்கள் வருவதற்கு முன்னர் செத்துப்போனது. கூரைக்கு மேலால் பந்தை எறிந்து அதை ஓடவிடுவதுதான் அவர்களுடைய விளையாட்டாம். ஒரு நாள் ஒரு பந்து திரும்பி வரவேயில்லையாம்.

"அப்படியென்றால் அந்த வெள்ளம்..." என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. காதுவரைக்கும் சிவந்துவிட்டாள். இரண்டு வருடமாக அவள் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த அந்த நாளைக்குக்காரரில் பாதிப் பிழைதான் இருந்திருக்கிறது.

"பந்துக்கும் ஒரு பொட்டு வைக்கட்டுமா?" என்று கேட்டேன். சிரித்துச் சிரித்து அவள் யன்னலிலிருந்து உள்ளே விழுந்தாள்.

நிலவறைக்குள் ஒரு சொட்டும் போகவில்லை. பின்னேரம் பூசைக்கு அவளையும் கூப்பிட்டோம். தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, ஏணிக்குப் பக்கத்தில் இருந்து இரண்டு கோப்பை கடலை சாப்பிட்டாள். அகப்பையைக் கழுவிக் கழுவிப் பார்த்தும் எனக்குப் பயமாக இருந்ததால், பொங்கலை மரக்கரண்டியால்தான் கிண்டினேன்.

அடுத்த இலையுதிர் காலம்

அடுத்த வருடம் செப்ரெம்பர் தொடக்கத்திலேயே தூரிட் கதவைத் தட்டினாள். கையில் நாட்காட்டி, பென்சில்.

"இந்த வருடம் ஏணிக்கு எப்போது பிறந்தநாள்?"

சொன்னேன். வட்டம் போட்டாள். அதற்கு முந்திய சனிக்கிழமையிலும் ஒரு வட்டம் போட்டாள். அந்தச் சனிக்கிழமையே ஏணி வைத்து, இவர் ஏற, நாங்கள் இருவரும் கீழே நின்று பிடிக்க, ஒரு மணித்தியாலத்தில் பீலி வேலை முடிந்தது.

பூசை நாள் காலையில் எழும்பி வந்தேன். சாமித் தட்டுக்கு முன்னால் ஏணி, மண்வெட்டி, சவள், ரயர்கள் எல்லாம் வழக்கம்போல. ஆனால் எல்லாவற்றுக்கும் நடுவில், வாழையிலையில், என்னுடைய சிரட்டை அகப்பை. மற்றவற்றைவிடப் பெரிய பொட்டு.

இவர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி விளக்குத் திரியைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"அப்ப எதாலை பொங்குறது?" என்று கேட்டேன்.

"இண்டைக்கு உமக்கும் லீவு. பேசாமல் இரும்."

பேசாமல் இருந்தேன். கலியாணம் முடித்த பிறகு நான் சமைக்காத முதல் சரஸ்வதி பூசை அது. கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

பதினொரு மணிக்குத் தூரிட் வந்தாள். ஒரு கையில் வாஃபிள் சுடும் இரும்பு அச்சு, மறு கையில் ஒரு துவாய்ச் சுருள். சுருளைப் பிரித்தாள். வளைந்த அலுமினியச் சூப் அகப்பை.

"இதற்கும் இடம் இருக்கிறதா?"

இவர் எழும்பி, சந்தனக் கிண்ணத்தை அவளிடமே கொடுத்தார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, மிகக் கவனமாக, ஒரு பொட்டு வைத்தாள்.

பிறகு குசினிக்குள் போய் மா கரைத்தாள். முட்டை போடவில்லை. பூசை நாளில் ஆகாது என்று துளசியிடம் ஒரு வாரத்துக்கு முன்னரே கேட்டு வைத்திருந்தாள். மாவை இரும்பில் வார்க்க அகப்பையைத் தேடிக் கை நீட்டியவள், அது எங்கே இருக்கிறது என்பது நினைவுக்கு வந்து, தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டாள்.